நாலாம் எண் உள்பாவாடை

இடது காலில் கட்டியிருந்த கம்பளி உறையின் நாடா மறுபடியும் அவிழ்ந்துவிட்டது. தரை தேயக் கூடாதென்று வாசலிலேயே ஆளுக்கொரு ஜோடி உறையைக் கொடுத்து பூட்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், ஜார் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியும் தரைக்கு மட்டும் மரியாதை குறையவில்லை. குனிந்து கட்டலாம், ஆனால் குனிந்தால் முன்னால் போகிற இருபது பேரும் அடுத்த அறைக்குள் போய்விடுவார்கள், தனியாக நிற்கிறவளைப் பார்த்து யாராவது வழி தெரியலையா என்று கேட்பார்கள், தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அது உண்மையும்கூட. கிளாஃபிரா யெகோரொவ்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் பதினோரு வருஷம் இந்த வீட்டின் கிழிசல்களைத் தைத்துக் கொடுத்தவள். மாடிப்படி ஏறியது இன்றுதான் முதல் தடவை. கடைசி ஜார் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம், லெனின்கிராத் சாக்கு ஆலையின் பெண்களை விடுமுறை நாளில் தொழிற்சங்கம் ரயிலேற்றிக் கூட்டி வந்திருக்கிறது. புரட்சி தன்னை மாடிக்கு ஏற்றிவிட்டது என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, மூக்கைச் சிந்துவதுபோல் கைக்குட்டைக்குள் அதை மறைத்துக்கொண்டாள். காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்திருக்கலாம். ஆனால் சங்கச் செயலாளர் ஷுபின் யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதைக் குறித்து வைப்பவன். அது ஒரு காரணம். இன்னொன்று, பார்க்க வேண்டும் போலிருந்தது. அவர்கள் இல்லை, அவர்களைப் பார்க்க முடியாது. தன் வேலையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

படிவத்தில் எழுதியிருந்தது வேறு. ஆலையில் சேர்ந்த அன்று, புரட்சிக்கு முன் செய்த தொழில் என்ற கட்டத்தில் பண்ணைக் கூலி என்று எழுதினாள், பேனா நடுங்கவில்லை, ஊசி பிடித்த கை எதற்கு நடுங்கும். மகள் வர்வாரா மருத்துவப் படிப்பில் சேர்ந்தபோது அவளும் தன் படிவத்தில் அதையே எழுதினாள், அம்மா பண்ணைக் கூலி, பிறகு சாக்குத் தையல். ஒரு பொய் இரண்டு படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. போன மாதம் பண்டகசாலை லித்யாவின் அப்பா பாதிரியார் என்று யாரோ கண்டுபிடித்தார்கள், திங்கட்கிழமை வேலை போனது, புதன்கிழமை ரேஷன் அட்டை போனது, வெள்ளிக்கிழமை அவள் அறையில் வேறு யாரோ திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் மகளுக்கே அந்தக் கதி என்றால் ஜார் வீட்டுத் துணி தைத்தவளுக்கு? வர்வாராவுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. நுணலும் தன் வாயால் கெடும், வாயைத் திறக்காமல் நாற்பது நிமிஷம் நடந்துவிட்டு ரயிலேறினால் போதும். நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொள் கிளாஃபிரா, என்று சொல்லிக்கொண்டே நாடாவை மிதித்துத் தடுமாறினாள், பக்கத்தில் வந்த தூஸ்யா கையைப் பிடித்தாள். "பாத்துங்க கிளாஃபிரா யெகோரொவ்னா, இந்தத் தரைல விழுந்தா எலும்பை அள்ளிக்கிட்டுத்தான் போகணும்." தூஸ்யா அடுத்த இயந்திரத்தில் தைக்கிறவள், நல்லவள், ஆனால் காதில் போட்டால் வாயில் வந்துவிடும்.

இதுதான் பெண் பிள்ளைகள் படுத்த அறை என்றான் வழிகாட்டி, மூக்குக் கண்ணாடி போட்ட இளைஞன், எப்போதும் பொதுக்கூட்ட மேடையில் நிற்கிறவன் மாதிரியே பேசுகிறவன். மடக்குக் கட்டில்கள். சிப்பாய்கள் படுக்கிற ரகம், மெல்லிய மெத்தை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எங்க வீட்டுக் கட்டிலே இதைவிட மேல் என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வெளிவேஷம், தோழர்களே" என்றான் அவன் உடனே. வெளிவேஷமா. போர்வையின் ஓரம் எத்தனை தடவை திருப்பித் தைக்கப்பட்டது என்று கேள், சொல்கிறேன். ஆனால் கட்டில் இப்படி இருக்கும் என்று அவளுக்குமே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கீழே, வேலையாட்கள் கட்டடத்தின் தரைக்கடியில் இருந்த தையலறை, கால்கள் மட்டும் போய்வருவது தெரியும் அந்த ஜன்னல், ஆறு பெண்கள், ஒரு நீள மேஜை. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. துணி ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் எண் இருக்கும், மூத்தவள் ஒன்று, அடுத்தவள் இரண்டு, மூன்று, நான்கு. முகம் பார்த்ததில்லை. தோட்டத்தில் தூரத்தில் வெள்ளையாக நாலு உருவம் போனதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், அதில் எது எது என்று தெரியவில்லை. முகம் எதற்கு. ஒன்றாம் எண் யோசனைக்காரி, யோசிக்கும்போது கைப்பட்டியின் பித்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள், வாரம் இரண்டு பித்தான் தொங்கிக்கொண்டு வரும், மையும் அப்பியிருக்கும். மூன்றாம் எண் வாட்டசாட்டம், தோள்பட்டைத் தையல் பிளந்து வரும், பாவம், வளர்கிற பெண்ணை யார் என்ன சொன்னார்களோ, அடுத்த மாதம் துணி தொளதொளவென்று வரும், சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். இரண்டாம் எண் இருக்கிறாளே, அவள் துணியில் வேலையே வராது. அவ்வளவு சுத்தம், அவ்வளவு ஒழுங்கு. அவளைக் கிளாஃபிராவுக்குப் பிடிக்காது. தைக்கிறவளுக்கு ஒரு கிழிசலைக்கூடக் கொடுக்காத பெண்ணிடம் என்ன பாசம் வரும். நான்காம் எண்தான் செல்லம். முழங்கால் கிழிந்த காலுறை, மரப்பட்டை ஒட்டிய பாவாடை, பையைத் திருப்பினால் பாதி கடித்த மிட்டாய், கொட்டை ஓடு, ஒரு தடவை உயிருள்ள வண்டு. அந்தப் பிள்ளைக்கு மரம் ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது என்பது மேஜையைச் சுற்றியிருந்த ஆறு பேருக்கும் தெரியும்.

அடுத்த அறையில், அந்த நாலு பெண்களுக்கும் தம்பியான பையனின் மாலுமிச் சட்டை ஒரு மரப் பொம்மைக்கு மாட்டியிருந்தது. "இந்தப் பையனோட நோயை நாட்டு மக்கள்கிட்ட மறைச்சாங்க" என்றான் வழிகாட்டி, "சின்ன அடி பட்டாலும் ரத்தம் நிக்காது, மந்திரிகளுக்கே சொல்லலை." தூஸ்யா உச்சுக்கொட்டினாள், பெத்தவ என்ன பாடு பட்டிருப்பா. மந்திரிகளுக்குத் தெரியாது, கிளாஃபிராவுக்குத் தெரியும். ஈரம் கசியாத மெழுகுத் துணியில் சுற்றி ஓர் ஆள் கையோடு கொண்டுவந்த, ரத்தம் தோய்ந்த படுக்கை விரிப்புகள். குளிர்ந்த தண்ணீரும் உப்பும், வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். கறை போன பிறகு தேய்ந்த இடத்தை அவள் தைக்க வேண்டும், ஏனென்றால் அதே விரிப்பு மேலே திரும்பிப் போகவேண்டும், விரிப்பு குறைந்தால் கேள்வி வரும். தேவமாதா படத்தின் மேல் கை வைத்து ஆறு பேரும் சத்தியம் செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அந்த அறையில் ஆறு வாய் மூடியது. புருஷன் மத்வேய் பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தான், என்னடி எப்பவும் கை உப்புக் கரிக்குது என்று கேட்டுக் கேட்டு அலுத்து, ஊறுகாய் போடுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனான். அவர்கள் மேல் விசுவாசமா அது? இல்லை. மத்வேயின் தம்பியைச் சுட்டது அவர்கள் சிப்பாய்கள்தான், அவள் அதை மறக்கவில்லை, புரட்சி நடந்த நாளில் தெருவில் நின்று அவளும்தான் கத்தினாள். ஆனால் சத்தியம் சத்தியம்தான். ராஜ்ஜியத்தின் ரகசியம் ஒன்று ஆறு தையல்காரிகளின் மடியில் கிடந்தது, மந்திரிமாரை விட நாங்கள் கெட்டிக்காரிகள் என்று நினைக்கும்போது இப்போதும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஷுபின் பார்க்கிறானோ என்று மறுபடி கூனிக்கொண்டாள்.

பிறகு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இருந்ததை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள், கால் அங்கேயே நின்றது, பின்னால் வந்தவள் முதுகில் இடித்தாள். வெள்ளை லினன் உள்பாவாடை, கீழே மூன்று மடிப்பு, இடுப்புப் பட்டையில் சிவப்பு நூலில் நான்கு. வழிகாட்டி சாவி போட்டுப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் காட்டினான், சந்தையில் மீன் தூக்குகிறவன் மாதிரி. "கவனிங்க தோழர்களே. கடைக்குட்டியோட உள்பாவாடை. நாலுன்னு எண் போட்டிருக்கு பாருங்க, இவளுக்குன்னே பாரிஸ்ல தச்சது. ஒவ்வொருத்திக்கும் இப்படி டஜன் கணக்கில. ஒரு தடவை உடுத்தினா அவ்வளவுதான், தூக்கி எறிஞ்சிடுவாங்க. எங்கேயாவது ஒரு கிழிசல், ஒரு ஒட்டுத்தையல் இருக்கா? உங்க பிள்ளைங்க கந்தலைக் கட்டிக்கிட்டிருந்தப்போ!" பெண்கள் கூட்டம் முனகியது, தூஸ்யா பல்லைக் கடித்தாள். பாவம் தூஸ்யா, அவள் பிள்ளை ஒன்று பஞ்சத்தில் போனது, அந்தக் கோபம் நியாயம், அதை யார் மறுப்பது.

ஆனால் இது பொய். அவன் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான், அதுதான் கூத்து. அவன் கண்ணைப் பொய் சொல்ல வைத்தது கிளாஃபிராவின் கை. அந்தப் பாவாடை முதலில் ஒன்றாம் எண், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு, அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம். மூத்தவள் வளர்ந்ததும் கிளாஃபிரா ஒன்று என்ற எண்ணைப் பிரித்துவிட்டு இரண்டு என்று தைத்தாள், பிறகு மூன்று, பிறகு நான்கு. அந்த வீட்டு வழக்கம் அது, அக்காள் உடுத்தியது தங்கைக்கு, அம்மாக்காரி அப்படிக் கட்டளை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது ஏழைக்கு மட்டுமா என்ன. ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணின் ஊசித் துளைகளை ஈரத்துணி வைத்து, நகத்தால் நீவி, இழைகளை ஒன்றோடொன்று நெருக்கி, தேய்ப்புப் பெட்டி போட்டு மூட வேண்டும், மூடினாள். அது சின்ன வேலை. பெரிய வேலை நான்காம் எண் வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டு குதித்த அன்று வந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல், குறுக்கும் நெடுக்குமாக, விளிம்பெல்லாம் நைந்து. இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார்கள் மற்ற ஐந்து பேரும். அவள் கொடுங்கள் என்றாள். பாவாடையின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவினாள், வேறு நூல் போட்டால் வெளுப்பில் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு இழையாக, நெசவில் மேலே போனதை மேலே, கீழே போனதைக் கீழே. முடிச்சு கூடாது, முடிச்சு போடுகிறவள் தையல்காரி இல்லை. மூன்று நாள், ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை. வர்வாராவுக்கு அப்போது இரண்டு வயது, அம்மை வார்த்திருந்தது, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து தைத்தாள், அதற்கு இன்றுவரை மனசு குத்துகிறது. மூன்றாம் நாள் மேஜையில் விரித்தபோது ஐந்து பேரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. தேடிக் கிடைக்காதபோது அவர்கள் முகத்தில் வந்ததை அவள் கல்யாணத்தன்றுகூட யார் முகத்திலும் பார்க்கவில்லை.

பாரிஸாம். பாரிஸ் என் பாட்டன் வீடா. ஒரு தடவை உடுத்தித் தூக்கி எறிந்தார்களாம், அப்படியென்றால் பதினோரு வருஷம் நான் என்ன செய்தேன், ஈ ஓட்டினேனா. சொல்லிவிடு. சொல்லாதே. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள், இங்கே சொன்னால் வர்வாராவின் படிப்பு. இரண்டு வருஷம்தானே கிளாஃபிரா, பல்லைக் கடித்துக்கொள், செத்துப்போனவர்கள் மானத்தைக் காப்பாற்ற உயிரோடிருக்கிற மகளை அடகு வைப்பாயா. அவர்கள் மானம் யாருக்கு வேண்டும். என் மானம். அந்த நாலு பேரும் அந்தப் பையனும் சுடப்பட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அவள் உருளைக்கிழங்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், முதலில் ஒன்றும் தோன்றவில்லை, வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள், வீட்டுக்கு வந்து கிழங்கைக் கழுவும்போது நான்காம் எண்ணின் முழங்கால் ஞாபகம் வந்தது, கிழிந்த காலுறையின் வட்டமான அந்த ஓட்டை, அப்போது அழுதாள், வாய்விட்டு அழுதாள், மத்வேய் பயந்துபோனான். சிறையில் வைத்திருந்த கடைசி மாதங்களில் அந்தப் பெண்கள் தங்கள் துணியைத் தாங்களே தைத்துக்கொண்டார்களாம், யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபோது ஒரு பக்கம் வயிறு எரிந்தது, ஒரு பக்கம் கோபம், யார் கற்றுக்கொடுத்தது அந்தப் பிள்ளைகளுக்கு, முடிச்சுப் போட்டுத் தைத்திருப்பார்கள், முடிச்சு உறுத்தியிருக்கும். என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். பயந்திருப்பேன். இப்போதும் பயம்தான், இதோ பாவாடையை மடித்து உள்ளே வைக்கப் போகிறான், வைக்கட்டும், வைத்துவிட்டால் நல்லது, முடிந்தது, ரயில், வீடு, வர்வாரா, சூப்பு.

"அதுல தையல் இருக்கு."

யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

"என்ன சொன்னீங்க, தோழர்?" வழிகாட்டி கண்ணாடியை மேலே தள்ளினான்.

"கிழிஞ்சு தச்சது அது. புதுசில்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது ஷுபின். குரலில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாததுதான் பயம். லித்யாவிடமும் அப்படித்தான் கேட்டானாம்.

"நாலு பொண்ணு இருக்கிற வீட்டுல கிழியாத பாவாடை ஏது?" என்றாள். எங்கிருந்து வந்தது அந்தப் பதில், ஆண்டவனே, நல்ல பதில். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தூஸ்யா, "அது சரிதான், எங்க அக்கா தங்கச்சி மூணு பேரு, ஒரு பாவாடை உருப்பட்டதில்லை" என்றாள். வழிகாட்டிக்கு முகம் சிவந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்தான். "ஆராய்ச்சி வேறே, அனுமானம் வேறே, தோழர்களே. பாத்துடலாம்." பார்த்தான், ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தான், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். "இல்லை. நீங்களும் பாருங்க தோழர் ஷுபின்."

ஷுபின் வாங்கினான். அப்போதுதான் கிளாஃபிராவுக்கு உறைத்தது, ஷுபின் சங்கத்துக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் ஆலையில் துணி சோதித்தவன், நூறு முழக் கித்தானில் ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் விரல் வைத்து இதோ என்பவன், அவன் விரலுக்குத் தறிக்காரர்கள் எல்லாம் நடுங்குவார்கள். இந்த விரலுக்குத் தப்பாது. தப்பாவிட்டால் அடுத்த கேள்வி, இவ்வளவு நேர்த்தியான தையல் இருப்பது பண்ணைக் கூலிக்கு எப்படித் தெரிந்தது. ஷுபின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைக்கவில்லை, கட்டைவிரலைத்தான் வைத்தான், கண்ணை மூடிக்கொண்டு இடுப்புப் பட்டையிலிருந்து கீழே இறக்கினான். இரண்டு சாண் கீழே, இடதுபக்கம், மடிப்புக்கு நாலு விரல் மேலே, அங்கேதான். கண்டுபிடிக்காதே என்று வேண்டினாள். கண்டுபிடி என்றும் வேண்டினாள், இரண்டும் ஒரே மூச்சில், எந்த வேண்டுதல் எந்தச் சாமிக்குப் போகிறது என்று தெரியாமல். வர்வாரா, மன்னித்துக்கொள். விரல் அந்த இடத்துக்கு வந்தது. அதன் மேல் ஏறியது. தாண்டிப் போனது. ஷுபின் புருவத்தைச் சுருக்கினான், இன்னொரு தடவை மேலிருந்து இறக்கினான், திருப்பிப் போட்டு உட்புறமும் இறக்கினான், விரல் மறுபடி அந்த இடத்தைக் கடந்தது, சின்ன நிலையத்தில் நிற்காமல் போகிற ரயில் மாதிரி.

"முழுத் துணி" என்றான் ஷுபின். "ஒரு இழை மாறலை. என் விரலுக்குத் தப்பினது கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டிக்கு உயிர் வந்தது. தூஸ்யா அவள் தோளைத் தட்டி, "கண்ணு போயிடுச்சு உங்களுக்கு, கிளாஃபிரா யெகோரொவ்னா" என்றாள்.

"போயிடுச்சுதான் போலிருக்கு" என்றாள். ஷுபின் பாவாடையைத் திருப்பிக் கொடுத்தான், கொடுப்பதற்கு முன் கட்டைவிரலால் இன்னொரு தடவை தடவினான், அது சந்தேகம் அல்ல, நல்ல துணியைத் தொட்டவனுக்கு வரும் ஆசை. ஷுபினுக்கே தெரியவில்லை. பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை. ராஜ்ஜியம் கவிழ்ந்து, குடும்பம் மண்ணுக்குள் போய், ஊர் பெயர் மாறி, இன்னும் அந்தக் கிழிசல் வாயைத் திறக்கவில்லை. இனி அதைப் பாரிஸ் என்றே சொல்லிக்கொள்ளட்டும், வருகிற கூட்டத்துக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டட்டும், எங்கேயாவது ஒரு ஒட்டுத்தையல் இருக்கா என்று தினமும் கேட்கட்டும். கேட்கக் கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். கிளாஃபிரா யெகோரொவ்னாவும் சிரிக்க ஆரம்பித்தாள், முதலில் மெதுவாக, பிறகு எல்லோரையும்விடச் சத்தமாக, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போகலாம் என்று வழிகாட்டி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.